அக்கரைச் சரிவின் ஐந்து

பதினாலாவது மரத்தில் நாலு எழுதிக்கொண்டிருந்தேன். சாய்வாக ஒரு இழுப்பு, குறுக்கே ஒரு இழுப்பு, நேராக ஒன்று, அவ்வளவுதான் நாலு. அப்போதுதான் பட்டை உரித்த ஈர மரத்தில் வெள்ளைப் பெயின்ட் சட்டென்று பிடிக்காது, வழியும். பிரஷ்ஷை அரைகுறையாக நனைத்துத்தான் இழுக்க வேண்டும். இருபத்தேழு வருஷப் பழக்கம் எனக்கு. கடைசிக் கோட்டை இழுத்து முடிப்பதற்குள் வறண்ட ஓடையைத் தாண்டி ஒரு ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. பண்ணைக்காரரின் மகன் லொரென்ஸு குதித்து இறங்கி, இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டியபடி ஓடி வந்தான்.

"நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க! கோடாலியைக் கீழ வைங்க!"

எட்டுக் கோடாலிகளும் நின்றன. ஒரு மரத்துக்கு இரண்டு பேர் என்று நாலு மரத்தில் ஆட்கள் இருந்தார்கள். கிளைக் கவட்டில் நின்றிருந்தவர்கள் அங்கிருந்தே எட்டிப் பார்த்தார்கள். பாம்பு கீம்பு யாரையாவது கடித்துவிட்டதோ என்று நினைத்தேன். எங்கள் மேஸ்திரி செலஸ்தீனோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு மெதுவாக வந்தார். அவர் எதற்கும் ஓடுகிற ஆள் கிடையாது.

லொரென்ஸுவின் அப்பா போன குளிர்காலத்தில்தான் செத்துப்போனார். பையன் லிஸ்பனில் எஞ்சினியர். பாலமோ என்னவோ கட்டுகிறான். சனி ஞாயிறு வந்து பண்ணையைப் பார்த்துக்கொள்கிறான். கெட்ட பையன் இல்லை, எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்புவான், அவ்வளவுதான். கையில் இருந்த டேப்லெட் கம்ப்யூட்டரைச் செலஸ்தீனோவின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"அப்பாவோட நோட்டைப் பாத்து எல்லாத்தையும் இதுல ஏத்திட்டு வரேன். இந்த அக்கரைச் சரிவு ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல உரிச்சது இல்ல. பதினாறு. இன்னும் ஒரு வருஷம் இருக்கு!"

"மரத்துல அஞ்சுன்னுதானே இருக்கு, எஞ்சினியர் ஐயா," என்றார் செலஸ்தீனோ.

"மரத்துல இருக்கறது தப்பு."

அவ்வளவுதான் சொன்னான். என் பெயரை அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இந்த ஆட்களோடு சேர்ந்து இந்தப் பண்ணையில் எண் எழுதுகிறவள் நான் ஒருத்திதான். ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். பெயின்ட் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

எங்கள் அலென்தேஜு பக்கம் தக்கைக்காக ஓக் மரத்தின் பட்டையை ஒரு தடவை உரித்தால் ஒன்பது வருஷத்துக்கு அதைத் தொடக் கூடாது. சட்டமும் அதுதான், மரத்தின் பொறுமையும் அதுதான். உரித்த வருஷத்தின் கடைசி எண்ணை மரத்தின் மேலேயே எழுதிவிடுவோம். காகிதம் தொலையும், முதலாளி சாவார், மேஸ்திரி மாறுவார். மரம் நின்ற இடத்தில் நிற்கும். ஒன்பது ஒன்பதாகக் கூட்டிப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் எண்ணில் ஒன்று குறையும். தொண்ணூற்றேழில் நான் புதுப்பெண்ணாக என் புருஷன் விர்ஜீலியுவின் பின்னால் இந்தப் பண்ணைக்கு வந்தபோது எழுதியது ஏழு. அடுத்து வந்தபோது ஆறு. என் மகள் லுசிண்டா அப்போது பல் விழுந்த வாயோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அதற்கடுத்து ஐந்து. இப்போது நாலு. நமக்கு வயது ஏறும், மரத்துக்கு எண் இறங்கும்.

ஒரு வருஷம் முந்தி உரித்தால் என்ன குடி முழுகிவிடும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பட்டைக்கு உள்ளே இருக்கும் மெல்லிய தோலை நாங்கள் தாய் என்போம். அடுத்த பட்டையைப் பெறுவது அதுதான். அதற்கு ஒன்பது வருஷம் ஓய்வு வேண்டும். கொடுக்காவிட்டால் மரம் சீக்குப் பிடித்து நிற்கும், சில சமயம் செத்தும் போகும். இந்தச் சரிவின் நடுவில் நிற்கும் பெரிய மரத்தை இருபது தடவைக்கு மேல் உரித்திருக்கிறார்கள். ராஜா இருந்த காலத்தில் அதன் மேல் முதல் கோடாலி பட்டது. பஞ்ச காலத்தில் என் அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது இதன் கொட்டைகளைப் பொறுக்கி, ஊறவைத்துக் கசப்பெடுத்து, மாவாக்கி ரொட்டி சுட்டிருக்கிறாள். பன்றிக்கு இருந்ததைத் திருடுகிறாயா என்று காவலாளி அவளைத் தடியோடு துரத்தியும் இருக்கிறான். எங்களுக்குச் சோறு போட்ட மரம் இது, எங்களை அடி வாங்கவும் வைத்த மரம். அதில் தப்பான எண் எழுதினாள் ஒருத்தி என்று பெயர் வந்தால் அப்புறம் அவள் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

"பதினஞ்சுல கடைசில மழை வந்துச்சுன்னு ஒரு சரிவைப் பாக்கி வெச்சோமே, அது இதுதானா?" என்றான் கிளையில் உட்கார்ந்திருந்த ஒருத்தன்.

"அது வேற பண்ணைடா. ஆத்தங்கரைப் பண்ணை," என்றான் இன்னொருத்தன்.

"வருஷத்துக்கு முப்பது பண்ணை ஏறி இறங்கறோம். யாருக்கு ஞாபகம் இருக்கு?"

செலஸ்தீனோ என் பக்கம் திரும்பினார். "எதெல்வினா, உனக்கு ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை, சொன்னாலும் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். "இல்ல மேஸ்திரி," என்றேன்.

நிஜமாகவே இல்லை. பதினைந்தாம் வருஷம் மே மாதம் விர்ஜீலியு சுவிட்சர்லாந்திலிருந்து போன் செய்தான். சுரங்கப்பாதை தோண்டுகிற வேலைக்கு என்று போனவன், வேலை முடிந்தும் வரப்போவதில்லை என்றான். அங்கே ரொட்டிக்கடையில் ஒருத்தி இருந்தாளாம். பதினெட்டு வருஷம் ஒரே போர்வையில் படுத்தவன், காலாவதியான மாத்திரையைத் திருப்பிக் கொடுப்பதைப் போல விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தான். மறுநாள் காலை நான் வேலைக்கு வந்தேன். வேறு என்ன செய்வது? வீட்டில் இருந்தால் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கோடை முழுக்க எழுதினேன். ஒரு நாள் மத்தியானம் செலஸ்தீனோவின் கோவேறு கழுதையின் பின்பக்கத்தில் பெரிதாக ஐந்து என்று எழுதிவிட்டேன். ஏன் எழுதினாய் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. அது என் வழியில் நின்றது. அந்தக் கோடையில் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான், ஊருக்கும் அது ஒன்றுதான். குளிர்காலத்துக்கு என் அக்கா வந்து என்னை பேஜா நகரத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். அடுத்த கோடை திரும்பி வந்து மறுபடியும் பிரஷ்ஷைப் பிடித்தேன். அந்த இரண்டு கோடைகளும் எனக்குள் கரைந்து ஒரே கூழாகிவிட்டன. எந்த மரம் எந்த வருஷம் என்று இன்றைக்குப் பிரித்துச் சொல்லச் சொன்னால் என்னால் முடியாது.

அதேரிதோ கோடாலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தான். விர்ஜீலியுவின் சித்தப்பா மகன். அந்தக் குடும்பத்துக்கே வாய் நீளம். எப்போதும் என்னைக் கிண்டல் செய்கிறவன்தான், ஆனால் அன்றைக்குக் குரலைத் தாழ்த்திப் பேசினான். அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

"பதினாறுல சீசனோட முதல் வேலையே இங்கதான்னு எனக்கு லேசா ஞாபகம்," என்றான். "போன வருஷத்து அஞ்சையே கை எழுதியிருக்கும். ஜனவரி மாசம் நாம எல்லாரும் பழைய வருஷத்தைத்தானே எழுதறோம்? அவளைத் திட்டாதீங்க ஐயா. அவளுக்கு அப்ப மனசு சரியில்ல. அந்த அஞ்சுலயே நின்னு போச்சு."

ஊரே ஒன்பது வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. எதெல்வினாவுக்கு அந்த வருஷம் புத்தி கழன்றுவிட்டது என்று கடைவீதியில் சொல்வார்கள். நான் நுழைந்தால் பேச்சை மாற்றி ஆலிவ் விளைச்சலைப் பற்றிப் பேசுவார்கள். நான் கண்டுகொள்வதில்லை. போங்கடா என்று விட்டுவிடுவேன். ஆனால் முகத்துக்கு நேராக, அதுவும் அக்கறையோடு ஒருத்தன் சொன்னபோது, இருக்கலாமோ என்று தோன்றிவிட்டது. விர்ஜீலியு என்னை விட்டுப் போன இடத்திலேயே நான் நின்றுவிட்டேனோ? உலகம் பதினாறுக்குப் போன பிறகும் என் கை மட்டும் பதினைந்தையே எழுதிக்கொண்டிருந்ததோ? பெயின்ட் டப்பாவைக் கீழே வைத்தேன்.

"ஊகம் எல்லாம் வேண்டாம்," என்றான் லொரென்ஸு. "பட்டைலயே வருஷம் தெரியும். வருஷத்துக்கு ஒரு வரி வளரும். எண்ணிப் பாத்துடலாம்."

உரித்துப் போட்டிருந்த பட்டைப் பலகை ஒன்றை அவனே தூக்கி ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்தான். அதேரிதோவின் கத்தியை வாங்கி ஓரத்தை ஒரு சாண் நீளத்துக்கு வழவழப்பாகச் சீவினான். பாட்டில் தண்ணீரை அதன் மேல் ஊற்றினான். தண்ணீர் பட்டதும் வெளுத்த தக்கையில் பழுப்புக் கோடுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக எழும்பின. எல்லாரும் குனிந்து பார்த்தோம். இருபத்தேழு வருஷம் தக்கையோடு வாழ்ந்தவள் நான், ஒரு நாளும் அதன் கோடுகளை எண்ணியதில்லை. எண்ணுவது வாங்குகிறவன் வேலை. எங்களுக்கு மரத்தின் மேல் இருக்கும் எண் போதும்.

கத்தி முனையை வைத்துக் கோட்டுக்குக் கோடு நடுவே இருந்த வரிகளை அவன் எண்ணினான். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." எட்டில் நின்றான். மறுபடியும் எண்ணினான். எட்டு. நான் கத்தியைப் பிடுங்கி நானே எண்ணினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு கீழிருந்து மேலாக எண்ணினேன். எட்டு. எப்படி எண்ணினாலும் எட்டுதான் வந்தது.

"எட்டு வருஷம்," என்றான் லொரென்ஸு. "பதினாறுதான்."

யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டினால் நானும் திட்டுவேன், என் வாய் ஒன்றும் குறைந்ததில்லை. மரத்தில் இருந்தவர்கள் இறங்கினார்கள். ஒருத்தன் சிகரெட்டைப் பற்றவைத்தான். செலஸ்தீனோ தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வனத்துறைக்குத் தெரிந்தால் பண்ணைக்கு அபராதம் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். சட்டத்தை மீறி உரித்த கோஷ்டி என்று பெயர் பரவினால் அடுத்த கோடையில் ஒருத்தரும் எங்களைக் கூப்பிட மாட்டார்கள் என்பதும் தெரியும். எட்டுக் குடும்பம். என் கிறுக்கலை நம்பிக் கோடாலியை எடுத்த எட்டுக் குடும்பம்.

"முதல்ல சாப்பிடுங்க," என்றார் செலஸ்தீனோ. "அப்புறம் யோசிக்கலாம்."

அவர்கள் நிழலில் உட்கார்ந்து ரொட்டியையும் உப்பு ஆலிவையும் பிரித்தார்கள். நான் தள்ளிப் போய், காலையில் உரித்த மரங்களுக்கு நடுவே உட்கார்ந்தேன். பதினாலு மரம், அடியிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் துணி உருவினது போல நின்றன. வெயில் பட்டு நிறம் சிவக்கத் தொடங்கியிருந்தது. ஒவ்வொன்றிலும் என் நாலு. பார்க்கவே கூசியது. பக்கத்தில் இருந்த மரத்திடம், "மன்னிச்சுக்கம்மா," என்றேன். "ஒரு வருஷம் முந்தியே உன்னை உருவ வெச்சிட்டேன். நான் சரியா இல்ல அப்ப." சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மரத்துக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா என்று கேட்காதீர்கள். அந்த இரண்டு வருஷத்தை நான் எப்படியோ நடந்து கடந்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அன்பை எதிர்பார்க்கவில்லை, பாராட்டை எதிர்பார்க்கவில்லை. என் வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தேன் என்ற ஒன்றைத்தான் கையில் வைத்திருந்தேன். அதையும் ஒரு கத்தி முனை எட்டு என்று எண்ணி எடுத்துக்கொண்டது.

அழுது முடிந்ததும் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அந்த வரிசைதான். எதன் மேல் கோபம் என்று தெரியவில்லை; விர்ஜீலியு மேல், ரொட்டிக்கடைக்காரி மேல், அதேரிதோவின் இரக்கம் மேல். எழுந்து பாவாடையை உதறினேன். சந்தையில் ஒரு தராசு சரியில்லை என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வோம்? பக்கத்துக் கடைத் தராசிலும் வைத்துப் பார்ப்போம். ஒரே ஒரு பலகையை எண்ணி எனக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள், நானும் தலையை ஆட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஓடையைத் தாண்டி, இதே பண்ணையின் மேல்வயலுக்கு நடந்தேன். போன வாரம் உரித்த தக்கை அங்கே வீடு உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறது. "எங்கடி போற இந்த வெயில்ல?" என்று அதேரிதோ கத்தினான். பதில் சொல்லவில்லை. ஜூலை மத்தியானம், பூமி கால் வழியாகக் கொதித்து ஏறியது. அடுக்கிலிருந்து நடுத்தரப் பலகை ஒன்றை உருவித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். தக்கை கனக்காது, ஆனால் காற்று வந்தால் ஆளைச் சுற்றிவிடும். இரண்டு தடவை தடுமாறினேன். விழவில்லை.

ஜீப் மேல் பலகையைத் தொப்பென்று போட்டேன்.

"இது மேல்வயல் பலகை," என்றேன். "மேல்வயல்ல எந்த வருஷம் உரிச்சோம்? யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

செலஸ்தீனோ இடது கையைத் தூக்கிக் காட்டினார். நாலு விரல்தான் இருந்தது. "என் சுண்டுவிரல் அங்கதான் எங்கயோ கிடக்கு. பதினஞ்சு. ஆஸ்பத்திரிச் சீட்டு வீட்டுல இருக்கு."

"என் கம்ப்யூட்டர்லயும் பதினஞ்சுதான்," என்றான் லொரென்ஸு.

"அப்ப இதுல ஒன்பது வரணும். எண்ணுங்க எஞ்சினியர் ஐயா."

அவன் சீவினான், தண்ணீர் ஊற்றினான், எண்ணினான். கத்தி முனை கடைசிக் கோட்டில் வந்து நின்றது. அவன் நெற்றி சுருங்கியது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

"எட்டு," என்றான்.

"இன்னொரு தரம் எண்ணுங்க."

"எட்டுதான். ஆனா ஒன்பது வரணுமே..."

செலஸ்தீனோ ரொட்டியை மென்றுகொண்டே வந்து இரண்டு பலகைகளுக்கும் மேலாகக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது; அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததே நாலைந்து தடவைதான் இருக்கும்.

"அட, நாம எல்லாரும் மடையங்கப்பா," என்றார். "ஜூன் ஜூலைல உரிக்கறோம். அந்த வருஷத்து மிச்சக் கோடைல மரம் பாதிதான் வளரும். அந்தப் பாதி வெளிய முதுகுப் பக்கக் கரடுமுரடோட ஒட்டிக்கும், தனியாத் தெரியாது. இந்த வருஷம் வசந்தத்துல வளந்ததும் பாதி. அது உள்ள வயித்துப் பக்கம் ஒட்டியிருக்கு, பாருங்க. நடுவுல முழுசா எட்டு. ரெண்டு பாதியும் சேர்ந்தா ஒண்ணு. மொத்தம் ஒன்பது!"

லொரென்ஸு விரல் விட்டு எண்ணினான். பாலம் கட்டுகிறவனுக்குப் பாதியும் பாதியும் சேர்ந்தால் ஒன்று என்று தெரியாமலா இருக்கும்? கொஞ்ச நேரம் பிடித்தது, அவ்வளவுதான். "அப்ப பதினாறுல உரிச்சிருந்தா..."

"நடுவுல ஏழுதான் வரும்," என்றேன் நான்.

அதேரிதோ இரண்டு பலகைகளையும் தூக்கி ஓரத்தோடு ஓரம் ஒட்டி வைத்தான். முதுகுப் பக்கத்திலிருந்து இரண்டாவது வரி, நூல் மாதிரி ஒல்லியாக இருந்தது. பதினேழாம் வருஷத்து வறட்சி. கிணறு எல்லாம் வற்றி ஆடுகளை விற்ற வருஷம். மரத்துக்கும் அந்த வருஷம் பட்டினிதான். மேல்வயல் பலகையிலும் இரண்டாவது இடத்தில்தான் அந்த நூல், அக்கரைப் பலகையிலும் இரண்டாவது இடத்தில்தான். ஒரு கோடு கூடத் தப்பவில்லை. ஒரே கோடையில் உரித்த அக்கா தங்கச்சிகள்.

லொரென்ஸு போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டான். "அம்மா, அப்பாவோட பழைய நோட்டை எடு. அக்கரைச் சரிவு. எழுபத்திரண்டு மரம். ஆமா, வருஷம் பதினாறு, அது தெரியும். தேதி என்ன போட்டிருக்கு?" கொஞ்ச நேரம் கேட்டான். காது சிவந்தது. "மார்ச்சா?"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. மரத்தடியிலிருந்து ஒருத்தன் கத்தினான்: "மார்ச்சுல எந்தப் பைத்தியக்காரன் பட்டை உரிப்பான்? அது லாரி வந்து தக்கையை ஏத்தின தேதிய்யா!" கோடையில் உரித்து அடுக்கிய தக்கை காய்ந்து, வசந்தத்தில்தான் வண்டி ஏறும். கிழவர் வண்டி ஏறின நாளைக் குறித்து வைத்திருக்கிறார். பையன் வருஷத்தை மட்டும் எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டான். அவனும் பாவம் சிரித்தான், வேறு என்ன செய்வான்? "மன்னிச்சுக்கங்க தோனா எதெல்வினா," என்று என் முன்னால் வந்து நின்றான். என்னை யாரும் மரியாதைக்குத் தோனா போட்டுக் கூப்பிட்டதில்லை. "சரி சரி, போய் ஒரு வாய் சாப்பிடு தம்பி," என்றேன்.

அதேரிதோ கொஞ்சம் தள்ளி நின்று கோடாலிக் கைப்பிடியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"யோசிச்சுப் பாத்தா, கழுதைக்குக்கூட நீ சரியான வருஷத்தைத்தான் போட்டிருக்க."

எனக்குச் சிரிப்பு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு முற்றிக் கண்ணீராக வழிந்தது. நிறுத்த முடியவில்லை. அவன் பயந்துபோய் என் கையில் ஒரு கிண்ணம் குளிர்ந்த தக்காளி ரசத்தைத் திணித்தான். பூண்டும் ரொட்டித் துண்டும் மிதக்க, தண்ணீர்க் குடத்துப் பக்கத்தில் வைத்துக் குளிர்ந்திருந்தது. ஒரே மூச்சில் குடித்தேன்.

"நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்," என்றான். "இன்னிக்கு மட்டும் சொல்லல. ரொம்ப நாளாவே."

"இருந்திருக்கணும்தான்," என்றேன். "இன்னொரு கிண்ணம் ஊத்து."

ஊற்றினான். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. பேசி என்ன ஆகப்போகிறது? எனக்கு உடம்பு முழுக்க லேசாகியிருந்தது. ஈரச் சாக்கை முதுகிலிருந்து இறக்கினது போல் தோள் தானாகவே மேலே எழும்பியது. அந்த இரண்டு கோடைகளும் இன்னும் எனக்கு ஞாபகம் வரவில்லை, இனியும் வரப்போவதில்லை. ஆனால் எனக்குத் தெரியாமலே என் கைக்குத் தெரிந்திருக்கிறது. அழுதுகொண்டும் பிதற்றிக்கொண்டும் யாரிடமோ பேசிக்கொண்டும் இருந்த ஒருத்தி, இந்தச் சரிவில் எழுபத்திரண்டு மரத்திலும் அந்தந்த நாளுக்கு உரிய எண்ணை எழுதிவிட்டுப் போயிருக்கிறாள். அவளைப் பற்றி ஊர் சொன்னதை நானும் நம்பியிருக்கிறேன். அதற்காக அவளிடம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

மூன்று மணிக்குச் செலஸ்தீனோ கைதட்டினார். கோடாலிகள் மறுபடியும் பேச ஆரம்பித்தன. அதேரிதோவும் அவன் ஜோடியும் பதினைந்தாவது மரத்தில் ஏறினார்கள். ஒரு பக்கம் கோணிக்கொண்டு நிற்கும் சாதாரண மரம், அதற்கு என்று ஒரு பெருமையும் கிடையாது. நீளவாக்கில் வெட்டு விழுந்தது. அதேரிதோ கோடாலி முனையைத் திருகினான். உள்ளே காற்றுப் போகிற அந்த வறட்டுச் சத்தம் வந்தது. கைப்பிடியின் கூர்முனையை விட்டு நெம்பினான். மரம் எந்த முரண்டும் பிடிக்கவில்லை. ஆள் நீளப் பலகை முழுசாகக் கழன்று அவர்கள் கைக்கு வந்தது. அவர்கள் அதைத் தரையில் சாய்த்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்தார்கள்.

நான் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு போனேன். ஆனால் எழுதவில்லை. வெளியே அத்தனை வெயில் எரிந்தும், பட்டை போன மரம் ஈரமாக, மஞ்சளும் ரோஜாவும் கலந்த நிறத்தில், ஆவி விடாத குறையாகக் குளிர்ந்து நின்றது. பிறந்து நாலு நிமிஷமான கன்றுக்குட்டி போல நாணிக்கொண்டு நின்றது. உள்ளங்கையை வைத்தேன். பிறகு யார் பார்க்கிறார்கள் என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் கன்னத்தை வைத்தேன். குளிர்ச்சி காது வரை ஏறியது. சட்டையில் மரத்தின் நீர் கறை பிடித்தது. இது துவைத்தாலும் போகாது.

"எதெல்வினா!" மேலேயிருந்து அதேரிதோ கத்தினான். "என்ன பண்ற அங்க? பெயின்ட்டு காயுது!"

"காயட்டும்," என்றேன்.